விசுவாவசுவுக்குச் சொதி விருந்து

சுண்ணாம்புக்காரத் தெருவில் ஒருவருக்கு அறுபது வயது நிறைகிற அன்று, அவர் பிறந்த வருடம் மதியச் சாப்பாட்டுக்கு அவர் வீட்டுக்கு வரும். வருடமென்றால் தமிழ் வருடம், பஞ்சாங்கத்தின் முதல் பக்கத்தில் பெயர் போட்டிருக்குமே, அறுபது பேர் வரிசையில் நின்று முறை வைத்து வந்து போகிற அதே வருடம்தான். அறுபது ஆண்டு கழித்துத் தன் முறை திரும்ப வரும்போது, போன தடவை தன் காலத்தில் பிறந்த பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று ஓர் எட்டுப் பார்த்து, கையை நனைத்துவிட்டுப் போகும். இந்தத் தெருவில் மட்டும் ஏன் இப்படி என்று யாரும் கேட்டதில்லை. பக்கத்துத் தெருக்காரர்களுக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு, ஆனால் அவர்கள் தெருவில் குழாயில் தினமும் தண்ணீர் வருகிறது, இங்கே இரண்டு நாளைக்கு ஒரு தடவைதான், ஆகவே சரிக்குச் சரி என்று விட்டுவிட்டார்கள்.

வருடங்களை உபசரித்து உபசரித்துத் தெருவுக்கு அது பழகிவிட்டது. ஊரே முகக்கவசம் கட்டிக்கொண்டு அடைந்து கிடந்தபோது வந்த சார்வரி, தானும் ஒன்றைக் கட்டிக்கொண்டு வாசற்படியிலேயே நின்று பார்சல் வாங்கிக்கொண்டு போனது. போன வருடம் குரோதி நாலாம் வீட்டில் உட்கார்ந்து ரசத்தில் உப்பில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள, அந்த வீட்டம்மாள் "உமக்குப் பேரே கோபம், நான் உப்புப் போட்டா மட்டும் சிரிச்சிரப் போறீராக்கும்" என்று சொல்லி மறுபடியும் ரசத்தையே ஊற்றினாள். கவுன்சிலர் ஒவ்வொரு தடவையும் பொன்னாடையோடு வந்து பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார். போட்டோவில் கவுன்சிலரும் பொன்னாடையும் விழுவார்கள், பொன்னாடைக்குள் யாரும் இருக்கமாட்டார்கள், அதையும் அவர் பிரேம் போட்டு மாட்டியிருக்கிறார்.

ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு, சாப்பாடு வீட்டில் சமைத்ததாக இருக்கவேண்டும். தாலுகா ஆபீஸில் வேலை பார்த்த காந்திமதிநாதன் இதைக் காதில் வாங்காமல் கல்யாண மண்டபம் பிடித்து, நூற்றைம்பது பேருக்கு ஆள் வைத்துச் சமைத்து இலை போட்டார். அவருடைய வருடம் மண்டப வாசலில் சந்தனம் தொட்டுக்கொண்டு, இரண்டு கற்கண்டை வாயில் போட்டுக்கொண்டு, பந்தியில் இடம் பிடிக்கத் தெரியாமல் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. அன்றிலிருந்து அவருக்கு வயது ஐம்பத்தொன்பதுதான். வங்கியில் மூத்த குடிமக்கள் வரிசையில் போய் நின்றால் "தள்ளி நில்லுங்க அண்ணாச்சி" என்கிறார்கள். அவர் மனைவி அவரைவிட மூத்தவளாகிவிட்டாள், அதைப் பேச்சில் காட்டவும் செய்கிறாள்.

இவ்வளவு இருந்தும், பன்னிரண்டாம் வீட்டுச் சங்கரவடிவுக்கு அந்த ஆவணி மாதம் பிறந்ததிலிருந்து தொண்டையில் சோறு இறங்கவில்லை. விசுவாவசுவில் பிறந்த அவள் புருஷன் ஆவுடையப்பனுக்கு அறுபது நிறையப் போகிறது. அவருக்கு இரண்டு அண்ணன்மார். மூத்தவர் விகாரியில் பிறந்தவர். விகாரி வந்து சாப்பிட்டுப் போன அன்று கூடவே காணாமல் போனார். நடுவுள்ளவர் சுபகிருதுவில் பிறந்தவர். சுபகிருது சாப்பிட்டுப் போனது, அவரும் போனார். இரண்டு பேரும் செருப்பை மாட்டிக்கொண்டு நல்லபடியாகப் பேசிச் சிரித்துக்கொண்டு தெருமுனை திரும்பியதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள், அதற்கப்புறம் பார்த்தவர்கள் இல்லை. உடம்பு இல்லாமல் இறப்புச் சர்டிபிகேட் தரமுடியாது என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். நடுவுள்ளவர் மனைவி மகளோடு பம்பாய்க்குப் போய்விட்டாள். மூத்தவர் மனைவி பிரமு அக்கா மட்டும் அடுத்த தெருவுக்குக் குடிமாறி, தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் கழுத்தோடு வைத்துக்கொண்டிருந்தாள். மற்ற வீடுகளில் சாப்பிட்டால் சாப்பிட்டதோடு போகிற வருடங்கள் இந்த வீட்டு ஆண்களை மட்டும் ஏன் கொண்டுபோகின்றன என்பதற்குத் தெரு பல காரணங்கள் வைத்திருந்தது, அவற்றில் ஒன்றுகூடச் சங்கரவடிவைத் தூங்கவிடவில்லை.

காந்திமதிநாதன் மாதிரி மண்டபம் பிடித்து, ஆயுசுக்கும் ஐம்பத்தொன்பதாக வைத்துக்கொள்ளலாம் என்று அவளுக்கும் தோன்றியதுதான். ஆவுடையப்பன் கேட்கவேண்டுமே!

"பெத்த வருஷத்துக்கு வீட்டுல ஒரு வாய்ச் சோறு போடாம விரட்டுறதா? எங்க குடும்பத்துல அப்படி ஒரு பழக்கம் உண்டா?"

உண்டா என்றால், கிடையாதுதான். விருந்தாளி விஷயத்தில் அது கொஞ்சம் கிறுக்குப் பிடித்த குடும்பம். வந்தவரை வரவேற்பது எல்லோரும் செய்வது. இவர்கள் கெட்டிக்காரத்தனமெல்லாம் வழியனுப்புவதில்தான். கிளம்புகிறேன் என்று சொன்னவரை நடையில் நிறுத்தி அரை மணி நேரம், வாசலில் கால் மணி நேரம், பிறகு பையை வாங்கித் தான் தூக்கிக்கொண்டு தெருமுனை, அங்கிருந்து பஸ் ஸ்டாண்டு, ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடித்து, பஸ் புறப்பட்டால் கூடவே பத்தடி ஓடி, 'போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணுங்க' என்று கத்தினால்தான் இவர்களுக்கு அன்றைக்குச் சோறு செரிக்கும். ஆவுடையப்பன் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக வேறு இருந்தாரா, கேட்கவே வேண்டாம்; மாப்பிள்ளை பார்க்க வந்த சங்கரவடிவின் மாமாவை அனுப்பப் போனவர், பேச்சு முடியவில்லை என்று அதே பஸ்ஸில் ஏறிக் கோவில்பட்டி வரைக்கும் போய்விட்டு வந்தார். அந்தத் தங்கமான குணத்தைப் பார்த்துத்தான் பெண் கொடுத்தார்கள்.

ஆகவே வீட்டில்தான் சாப்பாடு என்றானது. ஆனது ஆகட்டும், அவசரப்படாமல் சமைப்போம் என்று சங்கரவடிவு முடிவு செய்தாள். சாப்பாடு முடிந்தால்தானே விருந்தாளி எழுந்திருக்க முடியும், சமைத்தால்தானே சாப்பாடு முடியும். அதனால்தான் அவள் சொதியைத் தேர்ந்தெடுத்தாள். எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்து மறுவீட்டுக்கு வரும் மாப்பிள்ளைக்குச் சொதிதான் விருந்து. தேங்காயைத் துருவி, அரைத்து, முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று தனித்தனியாகப் பிழிந்து, மூன்றாம் பாலில் காய்களை வேகவைத்து, இரண்டாம் பாலில் பாசிப்பருப்பைச் சேர்த்து, முதல் பாலைக் கடைசியில் ஊற்றிப் பதமாக இறக்குகிற அந்தக் குழம்பை யாராலும் ஓடிக்கொண்டே செய்ய முடியாது. யார் கேட்டாலும் அவள் சொன்னது ஒன்றுதான்: "எல்லாரும் ஓடியோடித்தானே சாப்பிடுதோம், அறுபதாம் பிறந்த நாளைக்காவது நிதானமா சாப்பிடட்டும்." கேட்டவர்களுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது.

அன்று காலை பத்து மணிக்கும் அவள் அடுப்பைப் பற்றவைக்கவில்லை. ஆவுடையப்பன் புது வேட்டி கட்டிக்கொண்டு நல்ல தலைவாழை இலையாகப் பார்த்து வாங்க மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். வழியில் காண்கிற எல்லோரிடமும் நின்று பேசுகிறவர் பன்னிரண்டுக்கு முன்னால் வரமாட்டார். பிரமு அக்கா கூடமாட ஒத்தாசைக்கு வந்து, கால் நீட்டி உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அப்போது வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது.

"ஆவுடையப்பன் வீடு இதானே?"

விசுவாவசு வந்துவிட்டார். வாசலில் நிற்கிற வரைக்கும் 'அது' என்பதும், உள்ளே வந்து உட்கார்ந்தால் 'அவர்' என்பதும் தெரு வழக்கம். மெலிந்த உருவம், கழுத்து வரைக்கும் பொத்தான் போட்ட சட்டை, கக்கத்தில் நாலாக மடித்த துணிப்பை. அரிசிக்கு ஜனங்கள் வரிசையில் நின்ற காலத்து வருடம் அல்லவா, எங்கே போனாலும் பையோடு போய்ப் பழகிவிட்டது. கூடத்தில் நாற்காலி போட்டும் உட்காராமல் நேராக அடுக்களை வாசலுக்கு வந்து, அங்கே பரப்பிக் கிடந்த முருங்கைக்காயையும் பீன்ஸையும் உருளைக்கிழங்கையும் பார்த்தபடியே நின்றார்.

"எனக்கும் ஏதாவது வேலை குடும்மா. சும்மா இருந்தா பசி தெரிஞ்சுபோவும்."

சங்கரவடிவு அரிவாள்மனையைத் தள்ளினாள். அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்து முருங்கைக்காய் நறுக்க ஆரம்பித்தார், நார் ஒன்று கூட நிற்காமல், ஒரே அளவாக. பிரமு அக்கா அவர் முகத்தைப் பார்க்காமல் துருவிக்கொண்டேயிருந்தாள். முதல் பாலைப் பிழிந்து முடித்த சங்கரவடிவு, அதைத் தட்டுப்போட்டு மூடிவிட்டு, மாதக்கணக்காக மனதில் வைத்திருந்ததைக் கேட்டுவிட்டாள்.

"நீங்க அவுகளக் கூட்டிட்டுப் போவத்தானே வந்திருக்கீய?"

அவர் நறுக்குவதை நிறுத்தினார். "நானா? நான் சாப்பிட வந்தேன்மா."

"விகாரியும் சாப்பிடத்தான் வந்தாரு" என்றாள் பிரமு அக்கா. தேங்காய் மூடியைக் கீழே வைத்துவிட்டாள். "எங்க வீட்டு மனுஷன் என்ன ஆனாரு?"

விசுவாவசு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு உண்மையாகவே சங்கடமாகிவிட்டது. "இத நீங்க கேக்குதீய. அங்க நாங்க அறுபது பேரும் உங்களயில்லா கேட்டுக்கிட்டிருக்கோம்? விகாரி எத்தனை தடவை சொல்லிச்சு தெரியுமா, 'ஐயா போதும், நீங்க திரும்புங்க, நீங்க திரும்புங்க'ன்னு. உங்க வீட்டுக்காரரு, 'இருக்கட்டும், முக்கு வரைக்கும் வாரேன்'னாராம். முக்கு தாண்டியாச்சு, 'பஸ் ஏத்திவிட்டுட்டுப் போறேன்'னாராம். எங்களுக்கு ஏதும்மா பஸ்? நாங்க நடந்துதான் போறது, நிக்க எடமும் கெடையாது. விகாரி பையையாவது குடுங்கன்னு கெஞ்சிருக்கு, அவரு விடல. இன்னைக்கு வரைக்கும் பையத் தூக்கிக்கிட்டுக் கூடவே நடந்துக்கிட்டிருக்காரு. ரெண்டாமவரும் அதே மாதிரி. யாரும் அவங்களக் கூப்பிடல, அவங்களா வந்தாவ. நல்ல மனுஷங்க. ஆனா அனுப்பத் தெரியுது, திரும்பத் தெரியல."

பிரமு அக்கா சிரித்தாள். துருவல் ஒட்டிய கையால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள், சிரிப்பு அழுகையானது, அழுகை மறுபடியும் சிரிப்பானது. "அந்த மனுஷன் பேச்ச நிறுத்துனாத்தானேடி! ஆறு வருஷமா என்ன விட்டுட்டுப் போயிட்டாருன்னு இருந்தேன். வழியனுப்பவா போயிருக்காரு, பாவி!"

சங்கரவடிவுக்குச் சிரிப்பு வரவில்லை. பயம் போய் வேறு பயம் வந்துவிட்டது. வருடம் கொண்டுபோகும் என்றால் வருடத்தின் காலில் விழலாம். தானாகப் போகிற புருஷனை என்ன செய்வது? விருந்தாளியை வாசலோடு அனுப்புங்கள் என்று ஆவுடையப்பனிடம் சொல்வதும், பஸ்ஸை நேரம் பார்க்காமல் அனுப்புங்கள் என்று சொல்வதும் ஒன்றுதான். கையைப் பிடித்து நிறுத்தினால், அவளையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

"அவுக வாரதுக்குள்ள நீங்க சாப்பிட்டுப் போயிருங்களேன்" என்றாள்.

"அவருகூட உக்காந்து சாப்பிட்டாத்தான் அவருக்கு அறுபது. இல்லாட்டி உங்க தெருவுல இன்னொரு ஐம்பத்தொம்பது."

காய் வெந்தது. பருப்பு சேர்ந்தது. முதல் பாலை ஊற்றி, கொதிக்கவிடாமல் இறக்கி, எலுமிச்சம்பழம் பிழிந்து, உருளைக்கிழங்கைக் காரக்கறியாக வதக்கி, அப்பளம் பொரித்து, அவள் என்ன செய்தாலும் வேலை முடிந்துகொண்டே வந்தது. எவ்வளவு நிதானமாகச் சமைத்தாலும் சமையல் ஒரு கட்டத்தில் முடிந்துதான் போகிறது. கடைசியாக இஞ்சியை எடுத்துத் தோல் சீவ ஆரம்பித்தாள். சொதிக்கு இஞ்சிப் பச்சடி கட்டாயம். தேங்காய்ப்பாலும் பருப்பும் உருளைக்கிழங்கும் ஒன்றுசேர்ந்து வயிற்றில் இறங்கினால் லேசில் செரிக்காது. புளியும் வெல்லமும் போட்ட இஞ்சிப் பச்சடியைத் தொட்டுக்கொள்ளாமல் சொதி சாப்பிட்ட மாப்பிள்ளைமார் இலைக்கு முன்னாலேயே சாய்ந்து, சாயங்காலம் வரைக்கும் குறட்டை விட்ட கதை எல்லா வீட்டிலும் உண்டு.

சங்கரவடிவு சீவுவதை நிறுத்தினாள். பிரமு அக்காவைப் பார்த்தாள். பிரமு அக்கா விசுவாவசுவைப் பார்த்தாள். விசுவாவசு தொண்டையைச் செருமிக்கொண்டு, "எனக்குக் கொஞ்சம் வேணும், நான் நடக்கணும்" என்றார்.

பன்னிரண்டரைக்கு ஆவுடையப்பன் இலையோடு வந்து, விருந்தாளி வந்து இரண்டு மணி நேரத்துக்கு மேலாயிற்று என்று கேட்டுப் பதறி, மன்னிப்புக் கேட்டு, கட்டிப்பிடித்து, கிழக்குப் பார்த்து உட்காரவைத்து, எதிரில் தானும் உட்கார்ந்தார். சங்கரவடிவு பரிமாறினாள். அவள் வாழ்நாளில் அவருக்கு அவ்வளவு சொதி ஊற்றியதில்லை. முதல் தடவை, இரண்டாம் தடவை, போதும் என்று இலைக்கு மேல் கையை வைத்தால் விரலிடுக்கில், 'பிறந்த நாளுக்கு இன்னும் ஒரு கரண்டி' என்று நாலாம் தடவை. விசுவாவசுவும் சாப்பிட்டார், பேசாமல், ஒவ்வொரு பருக்கையாக, அறுபது வருடப் பசியை ஒரே இலையில் உட்கார்ந்து தீர்த்துக்கொள்கிற மாதிரி. அவர் இலையில் அப்பளத்துக்கு அடியில் ஒரு கரண்டி இஞ்சிப் பச்சடி ஒளிந்திருந்தது.

"பச்சடி எங்கட்டீ?" என்று ஆவுடையப்பன் கேட்டார்.

"இஞ்சி அழுகலா இருந்துது" என்றாள் சங்கரவடிவு. முப்பத்து நாலு வருடத்தில் அவள் அவரிடம் சொன்ன முதல் பொய் அது என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் மனதாரச் சொன்ன பொய் அதுதான்.

பாயசமும் ஆனது. கை கழுவி வந்த ஆவுடையப்பனுக்குக் கண் சொருகியது. விருந்தாளியை வைத்துக்கொண்டு தூங்குவதா என்று முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு வந்தார். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார், நிமிர்ந்தார், மறுபடி சாய்ந்தார். "நீங்க கெளம்பும்போது சொல்லுங்க, நான் கூட வாரேன்" என்று சொல்லிவிட்டு, அதையே இன்னொரு தடவையும் சொன்னார். விசுவாவசு வெற்றிலையை மடித்தபடி, "அவசரமில்ல. எங்க ஆளுங்க பேரெல்லாம் சொல்லுதேன், கேளுங்க" என்று தாழ்ந்த குரலில் ஆரம்பித்தார்.

பிரபவ, விபவ, சுக்கில, பிரமோதூத, பிரசோற்பத்தி என்று ஒவ்வொரு பெயராக, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு மூச்சு விட்டு, தாது, ஈஸ்வர, வெகுதானிய என்று அவர் சொல்லச் சொல்ல ஆவுடையப்பனின் தலை ஒரு பக்கம் சரிந்தது. சங்கரவடிவு தலையணையைக் கொண்டுவந்து மெல்ல அண்டக்கொடுத்தாள். நந்தன, விஜய, ஜய, மன்மத. வெளியே சேதி அதற்குள் வீடு வீடாகப் போய்விட்டது, பிரமு அக்கா ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டுக்குக் கையாலேயே சொல்லியிருந்தாள். தெரு குக்கரை இறக்கியது, டிவியை அணைத்தது. பூக்காரி கூவாமல் நடந்தாள், ஸ்கூட்டர்க்காரர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார், பொன்னாடையோடு வந்த கவுன்சிலரைக் காந்திமதிநாதன் வாயைப் பொத்தித் தன் வீட்டுக்குள் இழுத்துக்கொண்டார். ஹேவிளம்பி, விளம்பி, விகாரி. அண்ணன் வருடத்தின் பெயர் கேட்டதும் ஆவுடையப்பன் ஒரு கண்ணைத் திறந்தார். சங்கரவடிவுக்கு உயிரே இல்லை. சார்வரி, பிலவ என்று விசுவாவசு குரலை மாற்றாமல் போனார், கண் மூடியது. சுபகிருது என்றபோது உதடு அசைந்தது. சோபகிருது. குரோதிக்குக் குறட்டை வந்தது.

அடுத்த பெயர் அவருடைய பெயர். அதைச் சொல்லாமல் விசுவாவசு எழுந்தார்.

பையைத் தானே எடுத்துக்கொண்டார். வாசலில் பிரமு அக்கா அவரிடம் குனிந்து ரகசியமாகச் சொன்னாள்: "எங்க வீட்டு மனுஷனப் பாத்தா, சோறு ஆறிப்போச்சுன்னு நான் சொன்னதாச் சொல்லுங்க. கொழுந்தனாருகிட்டயும் சொல்லுங்க." அவர் தலையாட்டினார். "நல்லாச் சாப்பிட்டேன்மா" என்று சங்கரவடிவிடம் சொல்லிவிட்டுப் படி இறங்கினார். ஜன்னல்களுக்குப் பின்னால் தெரு மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க, அந்தக் குடும்பத்துக்கு வந்த விருந்தாளி ஒருவர் முதன்முதலாகத் தனியாக நடந்து போனார். முனையில் ஒரு தடவை திரும்பிப் பார்த்து, யாரும் வரவில்லை என்று தெரிந்ததும் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு மறைந்தார். சங்கரவடிவு கதவைச் சாத்தித் தாழ்போட்டு, அதிலேயே சாய்ந்து உட்கார்ந்து, அந்தக் குறட்டையைக் கேட்டுக்கொண்டேயிருந்தாள். முப்பத்து நாலு வருடமாகத் திட்டிய குறட்டை அது.

நாலே முக்காலுக்கு ஆவுடையப்பன் துள்ளி எழுந்தார். "எங்க அவுக? போயிட்டாவளா? என்ன எழுப்புனா என்ன? தெருமுக்கு வரைக்கும்கூட ஆளில்லாம அனுப்பிருக்கியே, என்ன நெனச்சிருப்பாவ? எங்க அப்பா இருந்தா..." செருப்பை ஒரு காலில் மாட்டிக்கொண்டு துண்டைத் தேடினார். இப்போது ஓடினால் பிடித்துவிடலாம் என்றார். கத்தினார், கை உதறினார், இந்த வீட்டில் எனக்கு மரியாதை இல்லை என்றார். சங்கரவடிவு கதவை விட்டு நகராமல், கேட்கக் கேட்கச் சந்தோஷமாக, கண்ணிலிருந்து தண்ணீர் வழிய அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏசுங்க" என்றாள். "இன்னும் நல்லா ஏசுங்க. அறுபது வயசாயிட்டுல்லா."

அப்போது பிரமு அக்கா அடுக்களையிலிருந்து வந்து, சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, "நான் வாரேன், தம்பி" என்றாள்.

ஆவுடையப்பன் பாதிக் கத்தலில் நின்றார். கிளம்புகிற ஆள் ஒருவர் எதிரில் நிற்கிறார். அவர் முகமே மாறிவிட்டது. "இருங்க மதினி, இன்னொரு செருப்பைக் காணல" என்றார். பிரமு அக்கா சங்கரவடிவைப் பார்த்துக் கண்ணை மூடித் திறந்தாள். கதவை விட்டு எழுந்திருக்க அவளுக்கு அன்றைக்கு இருந்த பலமெல்லாம் தேவைப்பட்டது, ஆனால் எழுந்தாள், தாழை நீக்கினாள். இரண்டு பேரும் பேசிக்கொண்டே போய் முனை திரும்பினார்கள். அவள் வாசலில் நின்றாள். ஐந்தரையானது, ஆறானது, விளக்கேற்றினாள், மறுபடியும் வந்து நின்றாள்.

ஆறேகாலுக்கு முனையில் அவர் தலை தெரிந்தது.

தனியாக, வேர்த்து, தோளில் துண்டோடு வந்தார். "இந்த மதினிக்கு என்ன ஆச்சுன்னே தெரியல. அவுக வீட்டுல கொண்டுபோய் விட்டா, நான் உங்கள விட்டுட்டு வாரேன்னு நம்ம தெருமுக்கு வரைக்கும் கூடவே வாராவ. நான் திரும்பி அவுகள விடப் போனா, போவாதீய, நீங்க வீட்டுக்குப் போறதப் பாத்துட்டுத்தான் நான் நகருவேன்னு அங்கயே நிக்காவ. வேற வழியில்லாம வந்தேன்." படியேறினார், உள்ளே வந்தார், பெருமூச்சு விட்டு உட்கார்ந்தார்.

"என்ன பாக்க? காபியப் போடு" என்றார்.

சங்கரவடிவு போடுகிறேன் என்றாள். அவரைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் போட்டாள்.